சாவி ஆளுக்கா, வேலைக்கா?

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு கணக்கியல் நிறுவனத்தில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், அடையாளம் எதுவும் இல்லாமல் அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அலுவலகத்தில் மொத்தம் 17 பேர். இவர் சேர்ந்தது அக்கவுண்ட்ஸ் வேலைக்கு. கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் சர்வரும் இவர் தலையில் விழுந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு லினக்ஸும், அதிலுள்ள ஃபைல்களை விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு பகிரும் சம்பா என்ற மென்பொருளும் போட்டு யாரோ ஒரு தம்பி அமைத்துக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டார். எல்லார் கம்ப்யூட்டரிலும் அது 'இசட்' டிரைவ். தணிக்கை, வரி, கம்பெனி செயலர் வேலை, வாடிக்கையாளர்களின் சம்பளப் பட்டியல், சொந்த ஊழியர்களின் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். 17 பேருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்ட்.

மூன்று மாதம் முன்பு ஊழியர்களின் சம்பளத் தொகை பேன்ட்ரியில் பேச்சாக அடிபட்டது. முதலாளி கொதித்துப்போய், "எல்லாத்தையும் பூட்டு" என்றார். சகோதரி ஒவ்வொருவருக்கும் தனி லாகின் உண்டாக்கி, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் யார் யார் வரலாம் என்று பெயர் பெயராகப் பட்டியல் போட்டார். மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. "திறக்குது, ஆனா சேவ் ஆகல." "நேத்து நான் திருத்தின ஃபைல் இன்னைக்கு அவளுக்கு ரீட் ஒன்லின்னு வருது." தாங்க முடியாமல் முழு டிரைவுக்கும் 777, அதாவது யாரும் எதையும் செய்யலாம் என்ற அனுமதி, போட்டுவிட்டார். இப்போது எல்லாருக்கும் எல்லாம் திறக்கிறது, முன்பு போலவே.

அவர் கேட்பவை: குழுவாக அனுமதி கொடுப்பது எப்படி? முதலாளி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறார், கொடுக்கலாமா? ஒரு ஃபோல்டரைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டால் போதாதா? தொழிற்பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவர்தான் சம்பள ஃபைலைப் பார்த்தார் என்று முதலாளி சந்தேகப்படுகிறார், சர்வரிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா? கடைசியாக, 25 வருடம் அங்கே இருக்கும் மூத்த கணக்காளர் ஒருவர், எல்லாரும் 'அண்ணன்' என்று அழைப்பவர், தன்னை எந்த ஃபோல்டரிலிருந்து விலக்கினாலும் அவமானமாக எடுத்துக்கொள்கிறார். அவரை என்ன செய்வது?

அன்புச் சகோதரிக்கு,

தனி லாகின் கொடுத்தது சரியான முதல் படி. அதற்கு அடுத்த படியில்தான் கால் தவறியது. பெயர் பெயராக அனுமதி கொடுத்தீர்கள். 17 பேர், 40 ஃபோல்டர் என்றால் 680 முடிவுகள். யாராவது விலகினால், புதிதாகச் சேர்ந்தால், பிரிவு மாறினால் அத்தனையையும் மறுபடி பார்க்க வேண்டும். யாராலும் முடியாது.

என் தாத்தா காலத்துத் தோட்டங்களில் ஸ்டோர் சாவி கிராணி (தோட்ட எழுத்தர்) வேலைக்கு உரியது. ஒரு கிராணி மாற்றலாகிப் போனால் சாவிக்கொத்து அடுத்தவர் கைக்கு வரும், பூட்டை யாரும் மாற்றுவதில்லை. குழு அனுமதியும் அப்படித்தான். ஃபோல்டரைப் பொறுத்தவரை 'வரிப் பிரிவு' என்ற பெயர்தான் தெரியும். அந்தப் பிரிவில் இன்று யார் இருக்கிறார்கள் என்பது வேறொரு பட்டியல். ஆள் மாறினால் அந்த ஒரு பட்டியலில் ஒரு வரி மாறும், ஃபோல்டரைத் தொடவே வேண்டாம்.

கீபோர்டைத் தொடுவதற்கு முன்

ஒரு தாள் எடுங்கள். இடப்பக்கம் ஃபோல்டர்கள், மேலே வேலைப் பிரிவுகள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: திருத்தலாம், படிக்கலாம், தெரியவே வேண்டாம். ஆள் பெயர் ஒன்றுகூட அதில் வரக்கூடாது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் தணிக்கை, வரி, செயலர் வேலை, வாடிக்கையாளர் சம்பளம், உள் நிர்வாகம் என்று ஐந்து குழு போதும். எல்லா ஊழியரும் அடங்கிய பொதுக் குழு ஒன்று, நிர்வாகத்துக்குப் படிக்க மட்டும் ஒரு குழு. ஆக ஏழு. பத்தைத் தாண்டுகிறது என்றால் ஆளுக்கொரு குழு போடத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று: அனுமதியை முதல் மட்டத்து ஃபோல்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரி, அதற்குள் 2024, அதற்குள் ஒரு வாடிக்கையாளர், அதற்குள் ஒரு ரகசிய ஃபோல்டர், அதற்கு மட்டும் தனி அனுமதி என்று ஆழமாகப் போகாதீர்கள். லினக்ஸில் உள்ளே இருக்கும் ஒரு ஃபோல்டரை அடைய, வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழையும் அனுமதி வேண்டும். நடுவில் ஒரு கதவு பூட்டியிருந்தால் கடைசிக் கதவைத் திறந்து வைத்துப் பயனில்லை. ரகசியமானதை வெளியே எடுத்து முதல் மட்டத்திலேயே தனி ஃபோல்டராக வையுங்கள்.

தாளை முதலாளியிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் "நீதான் எனக்குப் பூட்டிட்ட" என்று யார் சண்டைக்கு வந்தாலும் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும். இந்த வேலையில் என்னைப் பலமுறை காப்பாற்றியது அந்தக் காகிதம்தான்.

"திறக்குது, ஆனா சேவ் ஆகல"

உங்களை 777 வரை தள்ளியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கோ ஃபோல்டருக்குள் நுழைவதற்கோ 1. மூன்றும் சேர்ந்தால் 7. முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். 777 என்றால் வீட்டுக்கு வாசல் உண்டு, கதவு கிடையாது.

இனி நடந்ததைப் பாருங்கள். ஒருவர் புதிய ஃபைல் உண்டாக்குகிறார். அது அவருடைய சொந்த முதன்மைக் குழுவின் பெயரில்தான் பதிவாகும், வரிப் பிரிவின் பெயரில் அல்ல. அதோடு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சம்பா புதிய ஃபைலுக்கு வைக்கும் வரம்பு 0744. அதாவது உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். ஆகவே அடுத்தவருக்கு 'ரீட் ஒன்லி'.

ஃபைலின் அனுமதியை நீங்கள் கையால் சரிசெய்தும் மறுநாள் மறுபடி கெட்டதற்குக் காரணம் எக்ஸெல். அது பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. புதிதாக ஒரு தற்காலிக ஃபைல் எழுதி, பழையதை நீக்கி, புதியதற்கு அதே பெயரைச் சூட்டும். பெயர்தான் பழையது, ஃபைல் புதியது. நீங்கள் திருத்திய அனுமதி அந்தப் பழையதோடு போய்விடுகிறது. சகோதரி, தவறு உங்களுடையது அல்ல. ஃபைல் ஃபைலாகத் துரத்தி இதைச் சரிசெய்யவே முடியாது, ஃபோல்டரில்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, வரி ஃபோல்டரை வரிக் குழுவுக்கு மாற்றி, அதன் அனுமதியை 2770 ஆக்குங்கள். முன்னால் நிற்கும் அந்த 2-க்குத்தான் வேலை அதிகம். அதன் பெயர் செட்ஜிஐடி. அது இருந்தால் உள்ளே பிறக்கும் எந்த ஃபைலும், யார் உண்டாக்கினாலும், அந்த ஃபோல்டரின் குழுவையே பெறும். இரண்டாவது, சம்பாவின் அமைப்பு ஃபைலில் அந்தப் பகிர்வின் (உங்கள் இசட் டிரைவின்) கீழ் 'இன்ஹெரிட் பெர்மிஷன்ஸ் = யெஸ்' என்று ஒரு வரி. புதிய ஃபைல், தான் பிறந்த ஃபோல்டரின் படிக்கும் எழுதும் அனுமதியை அப்படியே எடுத்துக்கொள்ளும். அந்த 0744 வரம்பு பிறகு பொருட்படுத்தப்படாது.

தேடினால் பலரும் 'ஃபோர்ஸ் குரூப்' போடச் சொல்வார்கள். ஒரு பகிர்வுக்கு ஒரே குழு என்றால் அது சரி. உங்களுக்கு ஒரே பகிர்வுக்குள் பல குழுக்கள், அங்கே அதைப் போட்டால் உள்ளே வரும் எல்லாரும் அந்த ஒரே குழுவின் ஆளாகிவிடுவார்கள். வேண்டாம்.

ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களை ஒருமுறை திருத்தியாக வேண்டும். அப்போது ஃபைல், ஃபோல்டர் இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 2770 கொடுக்காதீர்கள். எக்ஸெல் ஃபைலுக்கு இயக்கும் அனுமதி எதற்கு? ஃபோல்டர்களுக்கு 2770, ஃபைல்களுக்கு 660 என்று பிரித்துக் கொடுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கும். இசட் டிரைவுக்குள் ஒரு ஃபைலை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போட்டால் அது பழைய குழுவோடுதான் போகும். காப்பி செய்தால் புதிய இடத்துக் குழு கிடைக்கும். "இழுக்காதே, காப்பி பண்ணு" என்று 17 பேருக்குப் பாடம் எடுப்பதைவிட, இரவில் தானாக ஓடிக் குழுவைச் சரிசெய்யும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிவைப்பது சுலபம்.

இந்தச் சம்பாவுக்கும் நம்ம சம்பா அரிசிக்கும் சம்பந்தமில்லை. 1992-ல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. விண்டோஸ் ஃபைல் பகிர்வு முறையின் பெயரான எஸ்எம்பி-யின் மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடியபோது அகப்பட்ட பெயர். 'லோ யாட் கம்ப்யூட்டர் மாலில் ஒரு ரெடிமேட் சேமிப்புப் பெட்டி வாங்கிவிடலாமா' என்றும் எழுதியிருந்தீர்கள். வாங்கலாம். அதற்குள்ளும் பெரும்பாலும் இதே லினக்ஸ், இதே சம்பாதான் ஓடும். திரை அழகாக இருக்கும், தாளில் போட வேண்டிய கணக்கை அது போட்டுத் தராது.

லாகினில் ஒளிந்திருக்கும் பழைய பூதம்

தனி லாகின் கொடுத்தும் பாதிப் பேர் இன்னும் பழைய பொது லாகினில்தான் உள்ளே வருகிறார்கள் என்று நினைக்கிறேன். விண்டோஸ் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சேமித்து வைத்த அந்தப் பதிவை நீக்குங்கள். பிறகு சர்வரில் அந்தப் பொது லாகினை முடக்கிவிடுங்கள். உபுண்டுவோடு வரும் சம்பா அமைப்பில், தெரியாத பெயரில் வருபவரை விருந்தாளியாக மாற்றும் வரி ஒன்றும் உண்டு. உங்கள் பகிர்வில் விருந்தாளிக்கு அனுமதி இருந்தால் பெயரைத் தப்பாக அடித்தவரும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுவார். அதையும் பாருங்கள்.

குழுவில் ஒருவரைச் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய 'ஜி'-க்கு முன்னால் சிறிய 'ஏ' இருக்க வேண்டும். 'ஏ' விட்டுப்போனால் புதிய குழுவில் சேர்த்துவிட்டு மற்ற கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரத்தில் என் கணக்குக்கே அப்படிச் செய்து, நிர்வாக உரிமையை நானே பறித்துக்கொண்டேன். சர்வரை மீட்பு முறையில் ஏற்றி வெளியே வந்தபோது மாமாக் கடையில் கூட்டம் கலைந்திருந்தது.

குழு மாற்றம் உடனே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இணைப்பில் இருப்பவர் துண்டித்து மறுபடி வந்தால்தான் புதிய குழு செல்லும். "சேத்தும் வேலை செய்யல" என்று வரும் புகாரில் பாதி இதுதான். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை முடக்குங்கள், அழிக்காதீர்கள். ஃபைலின் உரிமையாளர் உள்ளுக்குள் ஓர் எண்தான். அழித்த கணக்கின் எண் நாளை புதியவர் ஒருவருக்குப் போனால், பழையவரின் ஃபைல்கள் அவருடையதாகிவிடும்.

முதலாளியும் மறைத்தலும்

முதலாளி எல்லாவற்றையும் பார்க்கலாம், அவருடைய நிறுவனம். எல்லாவற்றிலும் எழுத வேண்டிய தேவை அவருக்கு இல்லை. தவறான மின்னஞ்சல் இணைப்பை அவர் திறந்துவிட்டால், அவரால் எழுத முடிந்த ஃபைல்கள் அத்தனையையும் ரேன்சம்வேர் (பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல்) பூட்டிவிடும். 2017 மே மாதம் வான்னகிரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்க ஆடிய ஆட்டம் அவருக்கும் நினைவிருக்கும். அதனால் நிர்வாகக் குழுவுக்கு எல்லா ஃபோல்டரிலும் படிக்கும் அனுமதி, அவர் வேலை செய்யும் ஃபோல்டரில் மட்டும் எழுதும் அனுமதி. இதே காரணத்தைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார். சம்பாவின் 'அட்மின் யூசர்ஸ்' வரியில் மட்டும் அவர் பெயரைப் போடாதீர்கள். அதில் இருப்பவர் எதைச் செய்தாலும் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்காகவே செய்வார்.

ஒரு குழு திருத்த, இன்னொரு குழு படிக்க என்ற ஏற்பாட்டுக்கு 2770 மட்டும் போதாது. அதில் ஒரே குழுவுக்குத்தான் இடம். 'செட்எஃப்ஏசிஎல்' கட்டளையால் இரண்டாவது குழுவைச் சேர்க்கலாம். ஒருமுறை ஃபோல்டருக்கும், ஒருமுறை இனி வரப்போகும் ஃபைல்களுக்கான இயல்பு அனுமதியாகவும் கொடுக்க வேண்டும். இரண்டாவதை மறப்பவர்களே அதிகம்.

ஃபோல்டரை மறைப்பது பூட்டு ஆகாது. பட்டியலில் தெரியாது, அவ்வளவுதான். முகவரி தெரிந்தவர் தட்டச்சு செய்தால் திறக்கும். முதலில் அனுமதியால் பூட்டுங்கள். பிறகு 'ஹைட் அன்ரீடபிள்' போட்டால், ஒருவர் படிக்க முடியாத ஃபோல்டர் அவர் கண்ணிலும் படாது. தெரியாத ஃபோல்டரைப் பற்றி யாரும் சண்டைக்கு வருவதில்லை.

அந்த மாணவர் விஷயம்

இதை நிதானமாகப் படியுங்கள், முதலாளியிடமும் காட்டுங்கள். ஃபைலின் உரிமையாளர் பெயர் கடைசியாக அதை எழுதியவரைக் காட்டலாம். படித்தவரைக் காட்டாது. சம்பளம் வெளியே தெரிந்த நாளில் 17 பேரும் ஒரே லாகினில் இருந்தீர்கள், திறப்பதைப் பதிவு செய்யும் வசதியும் போடப்படவில்லை. ஆகவே அந்த மாணவர் பார்த்தார் என்று சர்வரிலிருந்து நிரூபிக்க எதுவும் இல்லை. நீங்கள் பார்த்தீர்கள் என்றோ அண்ணன் பார்த்தார் என்றோ சொல்வதற்கும் அதே அளவு ஆதாரம்தான் இருக்கிறது. போலீஸ் வரை போகலாம் என்று முதலாளி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அனுமதியில்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவது 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் அலுவலகமே கொடுத்த லாகினில், எல்லாருக்கும் திறந்திருந்த ஃபோல்டரைப் பார்த்ததை அப்படிச் சொல்ல முடியுமா? ஒரு பையனின் வாழ்க்கை சம்பந்தப்பட்டது. வழக்கறிஞரிடம் கேட்காமல் வாயைத் திறக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள்.

முதலாளி உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. வாடிக்கையாளர்களின் ஊழியர்களுடைய ஐசி (அடையாள அட்டை) எண், வங்கிக் கணக்கு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) விவரம் எல்லாம் அதே டிரைவில்தான் இருக்கின்றன. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கச் சொல்கிறது. 2024-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மற்றவர்களுக்காகத் தரவைக் கையாளும் உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியாக வருகிறது. அபராதத்தின் உச்சவரம்பு 10 லட்சம் ரிங்கிட். 2025 ஜூன் 1 முதல், குறிப்பிடத்தக்க பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்கவும் வேண்டும். நான் வக்கீல் இல்லை, உங்கள் நிறுவனத்துக்கு எது எந்த அளவு பொருந்தும் என்பதை அவர்களிடம் கேளுங்கள். 777 போட்ட டிரைவை வைத்துக்கொண்டு "பாதுகாத்தோம்" என்று சொல்ல முடியாது என்பது மட்டும் எனக்கே தெரியும்.

இனிமேல் யார் திறந்தார் என்று தெரிய வேண்டுமானால் சம்பாவில் 'ஃபுல் ஆடிட்' என்ற வசதி உண்டு. சம்பள ஃபோல்டருக்கு மட்டும், திறப்பது, பெயர் மாற்றுவது, அழிப்பது ஆகியவற்றை மட்டும் பதிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் பதியச் சொன்னால் டிஸ்க்தான் நிறையும். பதிவு செய்கிறோம் என்பதை ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அண்ணன்

அவர் பயம் ஃபோல்டரைப் பற்றியது இல்லை. 25 வருடம் எல்லாக் கதவும் திறந்திருந்த இடத்தில் ஒரு கதவு மூடினால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அதனால் அவரிடம் எதையாவது எடுப்பதற்கு முன் ஒன்றைக் கொடுங்கள். தணிக்கைக் குழுவில் யார் சேரலாம், யார் விலகலாம் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அவருடையது. புதிய ஆளைச் சேர்க்க அவர் கையெழுத்து இல்லாமல் நீங்கள் தொடமாட்டீர்கள். இது அவரைச் சமாளிக்க நான் சொல்லும் தந்திரம் இல்லை, முறையும் இதுதான். தணிக்கைக்கு யார் தேவை என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வரிக்கும் சம்பளத்துக்கும்கூட அப்படி ஒருவர் வேண்டும். அதன் பிறகு "அண்ணே, சம்பள ஃபோல்டர் உங்க வேலையில இல்ல, அதனால அந்தக் குழுவில நீங்க இல்ல" என்று நீங்களே நேரில் சொல்லுங்கள். சர்வர் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது.

அவரைக் குழுவில் வைத்துக்கொண்டே அவருக்கு மட்டும் தனித் தடை போடும் யோசனை வேண்டாம். செய்ய வழி உண்டு, ஆனால் அது முள்ளாக உள்ளே கிடக்கும். இரண்டு வருடம் கழித்து அது ஏன் போடப்பட்டது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

வேலையை ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முழு பேக்கப். வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்தில் இருந்தால் ஃபைல்கள் வரும், லினக்ஸ் அனுமதிகள் வராது. எனவே 'கெட்எஃப்ஏசிஎல்' கொண்டு இப்போதைய அனுமதிகள் முழுவதையும் ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். ஏதாவது தவறினால் அதிலிருந்து திருப்பிப் போடலாம். பிறகு ஒரே ஒரு ஃபோல்டர், வரி மட்டும். உங்கள் நிர்வாகக் கணக்கில் சோதிக்காதீர்கள், அதில் எல்லாம் திறக்கத்தான் செய்யும். சோதனைக்கென்று இரண்டு கணக்கு உண்டாக்கி, ஒன்றில் எக்ஸெல் ஃபைல் ஒன்றைச் சேமித்து, மற்றதில் திறந்து திருத்திச் சேமித்து, மறுபடி முதலாவதில் திருத்திப் பாருங்கள். மூன்று முறையும் சேமிக்க முடிந்தால் அடுத்த ஃபோல்டருக்குப் போகலாம். திங்கள் காலை 17 பேரையும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள்.